வீட்டு விளையாட்டுப் பெட்டியின் டிராக்பாலா, ஆர்கேடுக்கென்றே செய்த டிராக்பாலா?

சொந்தமாக ஆர்கேடு பலகை, அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களில் இருப்பதைப் போன்ற கட்டுப்பாட்டுப் பலகை, கட்டுபவர்கள் ஜாய்ஸ்டிக், பட்டன் வரை தயங்காமல் வந்துவிடுகிறார்கள். கையால் உருட்டி ஆடும் பந்தான டிராக்பால் என்றதும் கை நின்றுவிடுகிறது. ஆர்கேடுக்கென்றே செய்த 3 அங்குல டிராக்பால் விலை கூடியது. பழைய சாமான்களுக்குள் கிடக்கும் டிவி கோல்ஃப் பெட்டியிலும் ஒரு பந்து இருக்கிறது, இரண்டு உருளைகள் இருக்கின்றன, உருட்டினால் சுழல்கிறது. இதைப் பிரித்துப் போட்டால் ஆகாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

சிலவற்றில் ஆகும், சிலவற்றில் ஆகாது. இந்த வேலையில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு அடிக்கடி உண்மையாகிவிடுகிறது. எந்தப் பந்து உங்களுக்குச் சரி என்பதை விலை முடிவு செய்வதில்லை. எந்த ஆட்டம் ஆடப்போகிறீர்கள், அந்த ஆட்டத்தில் பந்தை வருடுவீர்களா, அறைவீர்களா என்பதுதான் முடிவு செய்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பந்தின் விட்டமும் எடையும். பந்தைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். நூல் 179 மில்லிமீட்டர் வந்தால் பந்து 57, அதாவது 2¼ அங்குலம். 239 வந்தால் 76, அதாவது 3 அங்குலம். எடை விட்டத்தைவிட முக்கியம். கனமான பந்தை ஒருமுறை சுழற்றிவிட்டால் கையை எடுத்த பிறகும் ஓடும். உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்து கை எடுத்ததும் நின்றுவிடும்.

ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை. பந்து ஓர் உருளையைச் சுழற்றுகிறது. உருளையின் நுனியில் பிளவுகள் வெட்டிய என்கோடர் சக்கரம். ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, மறுபக்கம் இரண்டு ஒளி உணரிகள். இரண்டும் கால் அலை இடைவெளியில் தள்ளி இருப்பதால் 00, 01, 11, 10 என்று நான்கு நிலைகள் வரிசையாக வரும். எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை தெரியும். கணக்கு இதுதான்: பந்தின் விட்டத்தை உருளையின் விட்டத்தால் வகுத்து, பிளவுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மேலும் 4 ஆல் பெருக்க வேண்டும். 60 மில்லிமீட்டர் பந்து, 10 மில்லிமீட்டர் உருளை, 12 பிளவு என்றால் 288. பிளவு 24 ஆனால் 576.

மின்வெளியீடு. வரும் சைகை சுத்தமான 5 வோல்ட் சதுர அலையா, உணரியிலிருந்து வரும் பலவீனமான வளைந்த அலையா, திசைக்கு ஒரு கம்பி, துடிப்புக்கு ஒரு கம்பி என்ற வகையா, யூஎஸ்பியாகவே வருகிறதா?

பலகையில் உட்காருமா. பலரும் மறந்துபோகும் அளவுகோல் இது. பொம்மையின் கூடு 2 அல்லது 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். உங்கள் பலகை 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). பந்து கூட்டுக்கு மேல் 15 மில்லிமீட்டர்தான் எட்டிப் பார்க்கிறது என்றால், அதை அப்படியே மரத்துக்கு அடியில் பொருத்தினால் பந்து மரத்தின் மேற்பரப்புக்குக் கீழே போய்விடும். கைக்கே எட்டாது.

உழைப்பு. ஆர்கேடு பந்தை உள்ளங்கையால் அறைவார்கள். கோல்ஃப் ஆட்டம் அதற்கென்றே இருக்கிறது. 1981 இல் வந்த சென்டிபீட் வருடல் விளையாட்டு. 1980 இன் மிசைல் கமாண்ட், 1984 இன் மார்பிள் மேட்னெஸ் இரண்டும் நடுவில் எங்கோ நிற்பவை.

## முதல் வழி: டிவியில் செருகும் விளையாட்டுப் பெட்டி

கோல்ஃப், பௌலிங் போன்ற ஒற்றை ஆட்டப் பெட்டிகள் இவை. பேட்டரியில் ஓடும், டிவியில் நேராகச் செருகப்படும். மலிவாகக் கிடைப்பதால் எல்லோருடைய கண்ணும் முதலில் இங்கேதான் போகிறது.

பிரித்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உணரிகள் தனியாக ஒரு சிறு சர்க்யூட் பலகையில் இருந்து, கம்பிகள் வழியாகப் பெரிய பலகைக்குப் போகின்றனவா? அப்படியானால் நல்லது. எல்லாம் ஒரே பலகையில், நடுவில் கறுப்புப் பசை அப்பிய சிப்போடு இருந்தால், அந்தப் பலகையை வெட்டியெடுக்க வேண்டிவரும். அடுத்து, என்கோடர் உண்மையிலேயே ஒளியால் வேலை செய்கிறதா? சில மலிவுப் பெட்டிகளில் செம்புத் தடத்தின் மேல் உரசும் கம்பி நாக்குகள் இருக்கும். உருட்டும்போது மெல்லிய கரகரப்பு கைக்குத் தெரியும். அப்படியிருந்தால் மூடி வைத்துவிடுங்கள், அந்தத் தொடுபுள்ளிகள் வேகமான சுழற்சியைத் தாங்காது. மூன்றாவது, அச்சு இரண்டு உண்டா? பௌலிங் பெட்டி ஒன்றில் பக்கவாட்டு உருளையே இல்லாமல் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்த மூன்றும் தாண்டினால் வேலை இப்படிப் போகும்.

பழைய பந்து மவுசில் இருந்ததைப் போலவே, பெரும்பாலும் உணரி மூன்று கால்களோடு இருக்கும். நடுக்கால் பொது. அதற்கு நேர் மின்னழுத்தம். ஓரத்துக் கால்கள் இரண்டும் சைகைகள். பெட்டியின் சிப்பைத் துண்டித்த பிறகு அந்த இரண்டு கால்களும் மிதந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் தரைக்கு (கிரவுண்டுக்கு) 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று போடுங்கள். எல்இடிக்கு 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம் வழியாக மின்சாரம் கொடுங்கள். அகச்சிவப்பு எல்இடியில் சுமார் 1.2 வோல்ட் விழும், ஆக ஏறக்குறைய 11 மில்லிஆம்பியர் ஓடும். போதவில்லை என்றால் 220 ஓம் வரை இறங்கலாம், அப்போது 17 ஆகும்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, சில பெட்டிகளில் சிப் எல்இடியை விட்டு விட்டு எரிய வைக்கும். பழைய சிப்பிலிருந்தே எல்இடிக்கு மின்சாரம் வரும்படி வைத்துக்கொண்டு, உணரியை மட்டும் புதுப் பலகைக்கு இழுத்தால், பந்து அசையாமல் இருக்கும்போதே சுட்டி நடுங்கும். பந்தில் பழுதில்லை, எல்இடி விட்டு விட்டு எரிவதுதான் காரணம். எல்இடியின் மின்வழியையும் வெட்டித் தனியே கொடுத்துவிடுங்கள். எல்இடி எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. கைபேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால் பல கைபேசிகளில் மங்கலான ஊதா ஒளி தெரியும்.

இனி மல்டிமீட்டர். உருளையை விரல் நகத்தால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒரு சைகைக் காலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஒளி மறைபடும்போது 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, ஒளி படும்போது 3 வோல்ட்டுக்கு மேலே ஏறினால் நேராகவே நுண்கட்டுப்படுத்திக்கு (சைகையைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் சிறு சிப் பலகை, பின்னால் வருகிறது) கொடுக்கலாம். 1.5 க்கும் 2.5 க்கும் நடுவே ஊசலாடினால் கொடுக்கக்கூடாது. முதலில் 10 கிலோ ஓமை 22 ஆக, பிறகு 47 ஆக உயர்த்திப் பாருங்கள். ஊசலாட்டம் பெரிதாகும், ஆனால் அலை மந்தமாகும், வேகமாகச் சுழற்றும்போது எண்ணிக்கை தவறும். அதற்கு எல்எம்339 சிப் ஒன்று போடுவது நல்லது. நான்கு ஒப்பீட்டுச் சுற்றுகள் அதிலேயே இருப்பதால் இரண்டு அச்சுக்கும் ஒரே சிப் போதும். ஒப்பிடும் மின்னழுத்தம் ஊசலாட்டத்தின் நட்டநடுவில் இருக்கட்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் கட்டாயம், அந்தச் சிப் தானாக மேலே இழுக்காது.

நான்கு நிலைகளும் ஏறக்குறைய சம நீளம் வருகின்றனவா என்றும் பாருங்கள். உணரி சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தால் ஒரு நிலை மட்டும் மிகக் குறுகிவிடும். மெதுவாக உருட்டினால் சரியாக இருக்கும், வேகமானால் ஒரு திசையில் மட்டும் பந்து சறுக்குவது போலத் தோன்றும்.

பந்து விஷயம் இன்னும் மிச்சமிருக்கிறது. பெட்டிப் பந்துகள் பல இரண்டு அரைக்கோளங்களை ஒட்டிச் செய்தவை. ஒட்டுக்கோடு உருளையைக் கடக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு தட்டல் விழும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். அதைவிட நல்லது பந்தையே மாற்றுவது. பில்லியர்ட்ஸ் வகை பூல் பந்து 57.15 மில்லிமீட்டர் விட்டம், 156 முதல் 170 கிராம் எடை. ஸ்னூக்கர் பந்து 52.5. குழிகள் இல்லாத மேசையில் ஆடும் கேரம் பில்லியர்ட்ஸின் பந்து 61.5. உங்கள் கூடு இந்த மூன்றில் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தால் அதிர்ஷ்டம். வேறுபாடு அதற்கு மேல் போனால் பந்தை மற்ற இரண்டு உருளைகளோடு அழுத்திப் பிடிக்கும் மூன்றாவது தாங்கு உருளையின் ஸ்ப்ரிங் அழுத்தம் கெட்டு, பந்து ஓர் உருளையை மட்டும் தொட்டுக்கொண்டு சுற்றும்.

பந்து மாறியதும் கையில் வரும் உணர்வு முற்றிலும் வேறு. ஆனால் கூட்டின் உருளைகள் பழைய லேசான பந்துக்குச் செய்யப்பட்டவை. அவற்றின் நுனிகள் பிளாஸ்டிக் துளைக்குள்தான் சுழல்கின்றன, பேரிங் கிடையாது. கனமான பந்து அந்தத் துளையைச் சில மாதங்களில் நீள்வட்டமாக்கிவிடும். துளையைப் பெரிதாக்கிச் சிறிய உருள்மணிப் பேரிங்கைப் பொருத்த முடியும். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பந்து, பேரிங், சிப், நுண்கட்டுப்படுத்தி எல்லாம் சேர்ந்த பிறகு பழைய பெட்டியில் மிஞ்சுவது இரண்டு உருளையும் ஒரு கூடும்தான்.

எப்போது இது சரி: மின்வேலை கற்றுக்கொள்ளும் ஆசையே பாதிக் காரணமாக இருந்தால். ஆட்டம் சென்டிபீட் வகையாக இருந்தால். ஒரு வாரயிறுதி வீணாகப் போனாலும் வருத்தமில்லை என்றால்.

## இரண்டாவது வழி: 1980களின் வீட்டு கன்சோல் டிராக்பால்

அட்டாரியின் சிஎக்ஸ்-22, கணினிகளுக்கு வந்த சிஎக்ஸ்-80, 5200 கன்சோலுக்கு வந்த சிஎக்ஸ்-53, கோலிகோவிஷனின் ரோலர் கன்ட்ரோலர் ஆகியவை இந்தக் கூட்டம். கட்டுமானத்தில் முந்தைய வகையைவிட ஒரு படி மேல். கூட்டின் கனமே கையில் எடுத்ததும் சொல்லிவிடும்.

இதன் பெரிய வசதி ஒன்பது முனை இணைப்பான். அட்டாரி 2600 வகைப் போர்ட்டில் முனை 7 ஐந்து வோல்ட், முனை 8 தரை, முனை 6 பட்டன், 1 முதல் 4 வரை திசைக் கம்பிகள். பெட்டியைத் திறக்காமலேயே மின்சாரம் கொடுத்து, நான்கு கம்பிகளையும் பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒரு சோதனை. பந்தை மிக மெதுவாக வலப்பக்கம் மட்டும் உருட்டுங்கள். இரண்டு கம்பிகளும் மாறி மாறி மேலும் கீழும் போனால் அது நான்கு நிலை வகை. ஒன்று மட்டும் துடித்து மற்றொன்று அசையாமல் நின்று, இடப்பக்கம் திருப்பியதும் மட்டும் மாறினால், அது திசையும் துடிப்புமாக வரும் வகை. இரண்டாவது வகையை நான்கு நிலை படிக்கும் நிரலில் செருகினால் சுட்டி இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும். பழுது என்று நினைத்துத் தூக்கி வைத்துவிடுவார்கள். நிரலில் துடிப்புக் கம்பியின் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணி, கூட்டலா கழித்தலா என்பதைத் திசைக் கம்பியைப் பார்த்து முடிவு செய்தால் வேலை முடிந்தது.

ஜாய்ஸ்டிக் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதையும் கவனியுங்கள். அந்த நிலையில் பந்து எட்டுத் திசை ஜாய்ஸ்டிக் போலத்தான் நடிக்கும். வேகம் என்ற தகவலே பெரும்பாலும் போய்விடும். யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் அடாப்டரை வாங்கி இதைச் செருகுவது பணத்துக்குக் கேடு. 5200 க்கான சிஎக்ஸ்-53 அந்தக் கன்சோலின் அனலாக் ஜாய்ஸ்டிக்கைப் போலச் சைகை கொடுப்பது. அதன் வெளி இணைப்பான் உதவாது, உள்ளே உணரிகளிலிருந்தே கம்பி எடுக்க வேண்டும்.

மறைமுகச் செலவு வயதுதான். நாற்பது ஆண்டு ஓடிய அகச்சிவப்பு எல்இடி மங்கியிருக்கும். ஓர் அச்சு மட்டும் அவ்வப்போது செத்துப் பிழைத்தால் முதலில் எல்இடியை மாற்றுங்கள், சிப்பைத் தொடாதீர்கள். கம்பியின் ரப்பர் உறை நொறுங்கும். உருளைகளில் பழைய எண்ணெய்ப் பசை கல்லாக இறுகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் வந்துவிடும்.

இவற்றில் நல்ல நிலையில் இருப்பதை அறுத்துப் பலகைக்குள் போடாதீர்கள். இனி செய்யப்படாத பொருள்கள் இவை. பலகையில் ஒன்பது முனை சாக்கெட் ஒன்றைப் பொருத்தி, உள்ளே நுண்கட்டுப்படுத்தியை வைத்தால், பெட்டி முழுசாக இருக்கும், ஆட்டமும் நடக்கும். கூடு உடைந்ததையோ மூடி தொலைந்ததையோ மட்டும் உதிரிக்கு எடுங்கள்.

எப்போது இது சரி: பொருள் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால். பந்தைப் பலகைக்குள் பதிக்காமல், கைக்கு அருகில் தனிப் பெட்டியாக வைத்து ஆடுவதில் ஆட்சேபம் இல்லையென்றால்.

## மூன்றாவது வழி: மேசைக் கணினி டிராக்பால்

இதில் சொல்ல அதிகமில்லை. செருகினால் ஓடும். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுசின் பந்து 55 மில்லிமீட்டர். லாஜிடெக்கின் டிராக்மேன் மார்பிள் பந்து 40 தான், விரல்களுக்கு ஏற்றது, உள்ளங்கைக்கு அல்ல.

இரண்டு குறைகள் உண்டு. பந்து மூன்று சிறு மணிகளின் மேல் வழுக்குகிறது, உருளைகளின் மேல் ஓடவில்லை. ஆகவே எவ்வளவு அறைந்தாலும் சீக்கிரம் நின்றுவிடும். அதோடு பந்தைப் பிடித்து வைக்க வளையம் கிடையாது, கவிழ்த்தால் கையில் விழும். பலகையின் மேல் தகட்டில் பந்தின் அகலத்தைவிடச் சற்றே சிறிய வட்டம் வெட்டி அதையே வளையமாக்க வேண்டும். பந்தை மாற்றுவதற்கும் வழியில்லை. லாஜிடெக்கில் பந்தின் மேல் இருக்கும் புள்ளிகளைத்தான் உணரி படிக்கிறது, வழவழப்பான ஒற்றை நிறப் பந்தை வைத்தால் சுட்டி திக்கித் திணறும்.

பலகையில் பெரிய பட்டன் வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் மைக்ரோ சுவிட்சின் இரு கால்களிலும் கம்பி சாலிடர் செய்து வெளியே கொண்டுவாருங்கள். கிளிக் உடனே வரும்.

எப்போது இது சரி: சாலிடரிங் தெரியாது, இன்றே ஆட வேண்டும், சிறுவர்கள் அதிகம் அறையமாட்டார்கள் என்றால்.

## நான்காவது வழி: ஆர்கேடுக்கென்றே செய்தது

3 அங்குலமும் 2¼ அங்குலமும் இரண்டு அளவுகள். ஹாப் நிறுவனத்தின் டிராக்பால்கள் பல ஆண்டுகளாக உண்மையான ஆர்கேடு இயந்திரங்களில் ஓடுபவை. அல்டிமார்க்கின் யூ-டிராக் வீட்டில் கட்டுபவர்களை மனதில் வைத்து, யூஎஸ்பியோடு வருவது. உலோக உருளைகள், உருள்மணிப் பேரிங், கனமான பந்து. தேயும் பாகம் பேரிங்தான், அதை மாற்றலாம். பத்தாண்டு கழித்தும் உதிரி கிடைக்கும் என்பது சிறிய விஷயமல்ல.

மறைமுகச் செலவு இங்கேயும் இருக்கிறது. விளம்பரத்தில் இருப்பது பல நேரங்களில் பந்தும் கூடும் மட்டுமே. ஆறு கம்பி இணைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்: ஐந்து வோல்ட், தரை, அச்சுக்கு இரண்டு வீதம் நான்கு சைகைகள். யூஎஸ்பி மாற்றுப் பலகை தனி, மேல்தகடு தனி, திருகுகள் தனி. வாங்கும் முன் ‘யூஎஸ்பி உள்ளதா, பொருத்தும் தகடு உள்ளதா’ என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். யூஎஸ்பி இல்லாததை வாங்கினாலும் கவலைப்பட வேண்டாம், சைகைகள் சுத்தமானவை, கீழே சொல்லும் நுண்கட்டுப்படுத்தியே போதும்.

3 அங்குலப் பந்துக்குப் பலகைக்குக் கீழே குறைந்தது 4 அங்குல ஆழம் ஒதுக்குங்கள். மேசைமேல் வைக்கும் மெலிந்த பெட்டி கட்டியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வறண்ட காற்றில் பந்து சுழலும்போது நிலைமின்சாரம் சேரும். உருளைகளின் உலோகக் கூட்டிலிருந்து யூஎஸ்பியின் தரைக்கு ஒரு கம்பி இழுத்துவிடுங்கள். விட்டுவிட்டால், ஆட்டத்தின் நடுவில் கணினி டிராக்பாலைத் துண்டித்து மறுபடி இணைக்கும் சத்தம் கேட்கும்.

எப்போது இது சரி: கோல்ஃப் ஆட்டம் வேண்டுமென்றால் வேறு வழியைப் பார்க்கவே வேண்டாம். இரண்டு பேர் போட்டி போட்டு ஆடும் பலகைக்கும் இதுதான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டிவி விளையாட்டுப் பெட்டி | பழைய கன்சோல் டிராக்பால் | மேசைக் கணினி டிராக்பால் | ஆர்கேடு டிராக்பால் |
|---|---|---|---|---|
| பந்து | லேசானது, ஒட்டுக்கோடு இருக்கலாம் | நடுத்தரம் | 40 முதல் 55 மி.மீ. | 57 அல்லது 76 மி.மீ., கனமானது |
| கை எடுத்தபின் ஓட்டம் | இல்லை | ஓரளவு | இல்லை | நன்றாக ஓடும் |
| சைகை | பலவீனமானது, சீர்செய்ய வேண்டும் | 5 வோல்ட், வகை மாறும் | யூஎஸ்பி | 5 வோல்ட் அல்லது யூஎஸ்பி |
| வேலை நேரம் | ஒன்றிரண்டு நாள் | ஒரு நாள் | ஓரிரு மணி நேரம் | அரை நாள், பெரும்பாலும் மரவேலை |
| மறைமுகச் செலவு | பந்து, பேரிங், சிப் | மங்கிய எல்இடி, நொறுங்கிய கம்பி | பிடிப்பு வளையம் | தகடு, மாற்றுப் பலகை |
| அறைதல் தாங்குமா | தாங்காது | கொஞ்சம் | தாங்காது | தாங்கும் |

## யூஎஸ்பி ஆக்குவது

முதல் இரண்டு வழிக்கும், யூஎஸ்பி இல்லாத ஆர்கேடு பந்துக்கும் இது பொது. ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள ஆர்டுயினோ லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ பலகையை எடுங்கள். இவை கணினிக்குத் தம்மை மவுசாகவே காட்டிக்கொள்ளும். பழைய ஊனோ (ஆர்3) பலகை இதைத் தானாகச் செய்யாது. புரோ மைக்ரோவில் 5 வோல்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள். ராஸ்பெர்ரி பை பிக்கோவும் நல்ல பலகைதான், ஆனால் அது 3.3 வோல்ட்காரன். 5 வோல்ட் சைகையை நேராகக் கொடுத்தால் முனை போய்விடலாம்.

பக்கவாட்டு அச்சின் இரு கம்பிகளை முனை 2, 3 லும், மேல்கீழ் அச்சை 0, 1 லும் கொடுங்கள். நான்கும் குறுக்கீட்டு முனைகள் (மாற்றம் வந்த உடனே நிரலை இடைமறித்துக் கவனிக்க வைப்பவை) என்பதால் ஒவ்வொரு மாற்றமும் பிடிபடும். குறுக்கீடு இல்லாமல் நிரல் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து படித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றுக்கு 288 எண்ணிக்கை, நொடிக்கு 10 சுற்று என்றால் 2,880 மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் 0.35 மில்லிநொடிதான். பட்டன் அதிர்வை அடக்க 5 மில்லிநொடி காத்திருக்கும் ஒரு வரி நிரலில் இருந்தால் போதும், பந்தை வேகமாகச் சுழற்றும்போது சுட்டி எதிர்த்திசையில் ஓடும். ஆர்கேடு வட்டாரத்தில் இதை ‘பேக்ஸ்பின்’ என்பார்கள். பந்தைக் குறை சொல்லும் முன் நிரலில் காத்திருக்கும் வரிகளைத் தேடுங்கள்.

பேக்ஸ்பின்னுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மவுஸ் நகர்வுக் கட்டளை ஒருமுறைக்கு -127 முதல் 127 வரைதான் ஏற்கும். சேர்ந்த எண்ணிக்கை 130 ஆகி அதை அப்படியே அனுப்பினால் அது கழித்தல் எண்ணாகப் புரளும். 127 ஐ மட்டும் அனுப்பிவிட்டு மீதி 3 ஐ அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆர்கேடு ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் அமைப்புக் கோப்பின் மவுஸ் வரியை 1 ஆக்கி, ஆட்டத்துக்குள் டேப் விசையை அழுத்தி அனலாக் கன்ட்ரோல்ஸ் பகுதியில் சென்சிட்டிவிட்டியை மாற்றலாம். 288 எண்ணிக்கைப் பந்துக்கு அதை ரொம்ப ஏற்றினால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இரண்டு மூன்று பிக்சல் தாவும், சென்டிபீட்டில் காளான்களுக்கு நடுவே குறிபார்ப்பது கடினமாகும். குறைந்த பிளவுள்ள பந்தின் உண்மையான விலை அங்கேதான் தெரியும். மார்பிள் மேட்னெஸ் இயந்திரத்தில் டிராக்பாலை 45 பாகை திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். மேம் அதைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்வதால் உங்கள் பந்தை நேராகவே வையுங்கள்.

## பலகையில் துளை போடும் முன்

பந்து மேற்பரப்புக்கு மேல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். துளை அதன்பிறகு. 57 மில்லிமீட்டர் பந்து 15 மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால், மேற்பரப்பு மட்டத்தில் பந்தின் அகலம் 50 மில்லிமீட்டர். 76 மில்லிமீட்டர் பந்து 22 எட்டிப் பார்த்தால் 69. துளையின் மேல்விளிம்பை இதைவிட 1 முதல் 1.5 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள்; பந்து கீழே போகப் போக அகலும் என்பதால் அடிவிளிம்பு உரசாதபடி சரிவாக விரித்துவிடுங்கள். இடைவெளி அதிகமானால் விரல் தோல் சிக்கும், நொறுக்குத் தீனித் துகளும் உள்ளே இறங்கும்.

18 மில்லிமீட்டர் மரம் என்றால் இரண்டு வழி. அடிப்பக்கம் கூடு உட்காரும் அளவுக்கு, மரம் குடையும் கருவியான ரூட்டரால் குடைந்து 3 மில்லிமீட்டர் மட்டும் விடலாம். எம்டிஎஃப் அந்தத் தடிமனில் விரல் அழுத்தத்துக்கே விரிசல் விடும் என்பதால் இது பிளைவுட்டுக்கு மட்டும். மற்றது, மரத்தில் கூடு முழுதாக நுழையும் பெரிய துளை வெட்டி, மேலே 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடோ 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கோ போட்டு, கூட்டை அந்தத் தகட்டிலிருந்தே தொங்கவிடுவது. மலிவுப் பெட்டியின் கூட்டுக்கு இரண்டாவதே பொருத்தம், தகட்டைக் கழற்றினால் எல்லாம் ஒன்றாகக் கையில் வந்துவிடும். அக்ரிலிக் போட்டால் அடிப்பக்கம் கறுப்பு அடியுங்கள். கண்ணாடி போன்ற தகடு வழியாக வெயில் ஒளி உள்ளே போய் உணரியைக் குருடாக்கும், மாலையில் ஒழுங்காக ஓடிய பந்து பகலில் நின்றுவிடும்.

மரத்தில் கத்தி வைக்கும் முன், கூட்டை ஒரு கெட்டி அட்டைப்பெட்டியில் வெட்டிய துளையில் டேப்பால் ஒட்டி, யூஎஸ்பியைச் செருகி, நீங்கள் அதிகம் ஆடப்போகும் ஆட்டத்தை இரண்டு மணி நேரம் ஆடுங்கள். மணிக்கட்டு எங்கே இடிக்கிறது, பட்டன் எந்தப் பக்கம் இருந்தால் கட்டைவிரல் எட்டுகிறது, ஒட்டுக்கோட்டின் தட்டல் உங்களை எரிச்சலூட்டுகிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையில் பேனாவால் அடையாளம் போட்டு, அதையே மரத்தின் மேல் வைத்து வரைந்துகொள்ளுங்கள்.